பெரிய உருவங்கள்: திருக்கை, பேய்க்கணவாய், ஆமை

முந்தைய அத்தியாயத்தில் தைத்த திருக்கை 15 சென்டிமீட்டர் அகலம். அதற்குள் அடைத்த பஞ்சு 20 கிராம். அதே பேட்டர்னை எட்டு மடங்கு பெரிதாக்கி 120 சென்டிமீட்டர் அகலத்தில் வெட்டினால் எவ்வளவு பஞ்சு பிடிக்கும்? 160 கிராம் என்றுதான் பலரும் சட்டென்று சொல்வார்கள். நீளம் எட்டு மடங்கு, அகலம் எட்டு மடங்கு, கனமும் எட்டு மடங்கு கூடுகிறது. மூன்றையும் பெருக்கினால் 512 மடங்கு. பத்துக் கிலோவுக்கு மேல் பஞ்சு. துணி மட்டும் 64 மடங்கு.

பத்துக் கிலோவை ஒன்றரை மில்லிமீட்டர் ஃபெல்ட்டும் கைத்தையலும் தாங்காது. தாங்கினாலும் வயிறு தொங்கும், இறக்கை நுனி மடங்கும், ஒரு மாதத்தில் தையலோரம் பிய்ந்து பஞ்சு எட்டிப் பார்க்கும். சின்ன பொம்மையில் பஞ்சுதான் எலும்பு, பஞ்சுதான் சதை. பெரிய உருவத்தில் எலும்பைத் தனியாகச் செய்ய வேண்டும். தோலைத் தனியாக வெட்ட வேண்டும். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு காற்றை விட முடியுமோ அவ்வளவு விட வேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது தெரியாத வித்தை அல்ல. கோயில் தேரில் தொங்கும் தொம்பையைப் பாருங்கள். ஆளுயரத்துக்குப் பருத்த துணிக்குழல் அது. உள்ளே பஞ்சு ஒரு பிடியும் இல்லை. ஆடி மாதம் சேலம் குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை பார்த்தவர்கள், ஓர் இரவுக்காக எழுப்பும் அலங்காரங்களில் சட்டம் எது, போர்வை எது என்று அடுத்த முறை சற்று உற்றுப் பார்க்கலாம். இந்தச் சேலம் பக்கத்துச் சமவெளியிலிருந்து எந்தக் கடற்கரைக்குப் போவதானாலும் நான்கைந்து மணி நேரம் ஆகும். ஆனால் கடல் உயிர் செய்யத் தேவையான சாமான் எல்லாம் லாரிப் பட்டறையிலும் தறிக்கூடத்திலும் கிழங்கு மில்லிலும் கிடைக்கிறது.

ஃபெல்ட்டும் மற்றதும்

ஃபெல்ட் நெய்த துணி அல்ல. பாவும் இல்லை, ஊடையும் இல்லை. இழைகளை ஒன்றோடொன்று சிக்க வைத்து அழுத்திய தகடு அது. ஆதியில் ஆட்டுக் கம்பளியை வெந்நீரில் நனைத்துத் தேய்த்துத்தான் செய்தார்கள். சைபீரியாவின் அல்தாய் மலையில், பசிரிக் என்ற இடத்துப் புதைமேடுகளின் பனிக்கட்டிக்குள் கம்பளி ஃபெல்ட்டில் செய்த அன்னங்கள் கிடைத்தன. 2,200 ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை அவை. இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கழுத்தை வளைத்து, உடலைப் புடைக்கச் செய்த முழு உருவங்கள். நம் பொழுதுபோக்குக்கு வயது கொஞ்சம் அதிகம்தான்.

நம் பக்கத்து ஆட்டை நம்பி அந்த வழியில் இறங்க முடியாது. மேச்சேரி ஆட்டுக்குக் கம்பளியே கிடையாது. குட்டை முடிதான், அதன் பெருமை கறியிலும் தோலிலும் இருக்கிறது. அந்த இனத்துக்கென்றே பொட்டனேரியில் 1978 முதல் ஆராய்ச்சி நிலையம் நடக்கிறது, ஆனால் நமக்கு அங்கே வேலை இல்லை. கடையில் நாம் வாங்குவது பாலியெஸ்டர் ஃபெல்ட். முள் வைத்த ஊசிகளால் இழைப் படலத்தை ஆயிரக்கணக்கில் குத்திக் குத்திச் சிக்க வைத்தது. விலை குறைவு, பூச்சி அரிக்காது, நிறம் நிறைய.

பெரிய உருவத்துக்கு ஃபேன்ஸி ஸ்டோரில் தொங்கும் ஏ4 தாள்களை வாங்காதீர்கள். ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு உருவம் முழுக்கத் தழும்பாகிவிடும். சேலம் கடைவீதிப் பக்கம் மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுக்கும் கடையைத் தேடுங்கள். சுருளின் அகலம் கடைக்குக் கடை மாறும். ஒரு மீட்டருக்குக் குறைந்தால் வேண்டாம். வாங்கும்முன் நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் இழுத்துப் பாருங்கள். ஒரு வாட்டில் கூடுதலாக இழுபடும். பளு தாங்கும் திசையில் இழுபடாத வாட்டை வைக்க வேண்டும். உள்ளங்கையால் பத்துப் பதினைந்து முறை தேய்த்துப் பாருங்கள். அதற்குள்ளாகவே உருண்டை உருண்டையாக மயிர் எழும்பினால் அந்தச் சுருள் ஒரு வருடம்கூட வராது.

ஸ்பாஞ்சுக்குத் தனியாகப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் திருச்செங்கோட்டிலும் லாரிக்கு சீட் தைக்கும் குஷன் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மதியச் சாப்பாட்டு நேரம் பார்த்துப் போய், "அண்ணா, வெட்டின ஸ்பாஞ்சுத் துண்டு ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டால் ஒரு மூட்டை வரும். அங்கேயே வளைந்த ஊசியும் தடித்த நைலான் நூலும் எங்கே வாங்குகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் எட்டாத இடத்தில் தைக்க வளைந்த ஊசியை விட்டால் வழி இல்லை. பட்டறைகளில் எண்ணெய் துடைக்கக் கட்டுக்கட்டாகக் கிடக்கும் பனியன் வேஸ்ட்டும் உதவும். ஆனால் அது கனம். தரையில் உட்காரும் உருவத்தின் அடியில் மட்டும் போடுங்கள், தொங்கும் உருவத்தில் வேண்டாம். இலவம் பஞ்சு இலேசுதான். எலி அதைக் கண்டால் குடித்தனம் வைத்துவிடும்.

விறைப்புக்கு நம் மண்ணின் சரக்கு மரவள்ளிக் கிழங்கு மாவு. சேலத்து ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது பாயசத்தைத்தான் எல்லோரும் நினைத்தார்கள். அதே கிழங்கின் மாவு கைவினைக்காரருக்கு நல்ல பசை. இரண்டு மேசைக்கரண்டி மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஒரு டம்ளர் தண்ணீரோடு அடுப்பில் வைத்துக் கிண்டுங்கள். வெள்ளை மாறிக் கண்ணாடிபோல ஆனதும் இறக்கிவிடலாம். இதை ஃபெல்ட்டில் நேராகத் தடவிப் பயனில்லை; பாலியெஸ்டர் கஞ்சியைக் குடிக்காது. காடாத் துணியில் தடவி, நிழலில் காயவைத்து, தகடுபோல ஆனதும் அதை இரண்டு ஃபெல்ட்டுக்கு நடுவே வையுங்கள். பாவு நூலுக்குக் கஞ்சி போடும் தறிக்காரர்களுக்கு இது விளக்கத் தேவையில்லாத சங்கதி. கஞ்சி கெடாமல் இருக்கப் புத்தகம் கட்டுகிறவர்கள் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது விஷம். குழந்தை தொடும் உருவத்தில் சேர்க்காதீர்கள். கஞ்சித் துணி காய்ந்தபின் மேலே வெள்ளைப் பெவிகாலை ஒரு பூச்சு பூசினால் கரப்பான் அவ்வளவாக அண்டாது.

பசைத் துப்பாக்கி பற்றி ஒரு வார்த்தை. அதன் குச்சி உருகி ஒட்டுவது. சூடு கண்டால் மறுபடி இளகும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியிலோ கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளோ இருக்கும் சூடு போதும், ஒட்டு நழுவ. கண், புள்ளி, அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பளு தாங்கும் இடத்தில் தையல்தான்.

எதைப் பார்த்து வரைவது

பொம்மையைப் பார்த்து வரையாதீர்கள். பொம்மை செய்தவர் இன்னொரு பொம்மையைப் பார்த்திருப்பார். சின்ன உருவத்தில் தப்பு தெரியாது. நாலடி உருவத்தில் வீட்டுக்கு வரும் பத்து வயதுப் பையன்கூடக் கண்டுபிடித்துவிடுவான்.

அடிக்கடி தவறுவது வால். மீனுக்கும் சுறாவுக்கும் வால் செங்குத்தாக நிற்கும், பக்கவாட்டில் வீசும். திமிங்கலம், ஓங்கில், ஆவுளியா எனும் கடற்பசு மூன்றும் பாலூட்டிகள்; அவற்றின் வால் தட்டையாகப் படுத்திருக்கும், மேலும் கீழும் அடிக்கும். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022 செப்டம்பரில் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்த பிறகு ஆவுளியா செய்யப் பலருக்கு ஆசை வந்திருக்கிறது. செய்யுங்கள், ஆனால் வாலைப் படுக்க வையுங்கள். மூஞ்சி கீழ்நோக்கி மடங்கியிருக்கும். கடல்தரைப் புல்லை மேய்கிற வாய் அது.

நேரில் பார்க்க வேண்டுமானால் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் திமிங்கல எலும்புக்கூடு இருக்கிறது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும் காட்சியகம் உண்டு. அவ்வளவு தூரம் வேண்டாமென்றால் ஞாயிற்றுக்கிழமை மீன்கடைக்குப் போய் ஒரு கணவாய் வாங்குங்கள். தட்டில் பரப்பி எட்டுக் கையையும், கூடவே நீண்ட இரண்டு கொடிக்கைகளையும் எண்ணிப் படம் வரைந்துகொள்ளுங்கள். பிறகு மசாலா தடவிக்கொள்ளலாம். பேய்க்கணவாய்க்கு அந்தக் கூடுதல் இரண்டும் கிடையாது.

குருவித் திருக்கை

பெரிய உருவத்தில் முதலில் கைவைக்கத் திருக்கைதான் சரி. உடம்பு தட்டை, அதற்குக் கனமே தேவையில்லை. திருக்கைகளில் குருவித் திருக்கையை நான் தேர்ந்தெடுக்கக் காரணம் அதன் முதுகுப் புள்ளிகள். கரும் நீல முதுகில் வெள்ளைப் புள்ளி இறைத்திருக்கும், வயிறு தூய வெள்ளை. இறக்கை இரண்டும் கூராக நீண்டிருக்கும். தலை இறக்கையோடு கலந்துவிடாமல் முன்னால் துருத்தி நிற்கும். மூக்கு வாத்தின் அலகுபோலத் தட்டை. உடலின் நீளத்தைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு அகலம் இருக்கும். இந்த விகிதம் தவறினால் அது வேறு திருக்கை ஆகிவிடும்.

நியூஸ்பேப்பர்களை ஒட்டிப் பெரிய தாளாக்கி இரண்டாக மடியுங்கள். மடிப்புதான் முதுகுக் கோடு. மூக்கிலிருந்து வால் அடிவரை அந்தக் கோட்டில் 60 சென்டிமீட்டர். மூக்கிலிருந்து 14 சென்டிமீட்டர் வரை தலை, கோட்டிலிருந்து 7 சென்டிமீட்டர் அகலம். அங்கிருந்து இறக்கை தொடங்கிப் பக்கவாட்டில் ஓடி, மூக்கிலிருந்து 34 சென்டிமீட்டர் கீழே, கோட்டிலிருந்து 60 சென்டிமீட்டர் தூரத்தில் நுனி வைக்க வேண்டும். முன்னோரக் கோடு வெளிப்பக்கம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் புடைக்கட்டும். நுனியிலிருந்து திரும்பும் பின்னோரக் கோடு உட்பக்கம் நாலு சென்டிமீட்டர் குழியட்டும். இந்தப் புடைப்பும் குழிவும்தான் இறக்கைக்கு வேகம் தருகிறது. நேர்க்கோட்டில் வெட்டினால் பட்டம். வால் அடியில் இருபக்கமும் விரல் நீளத்துக்குச் சின்னத் துடுப்பு ஒன்று.

வயிற்றுத் தோலை ஒரே துண்டாக வெட்டலாம். முதுகை அப்படி வெட்டாதீர்கள். இடம், வலம் என்று இரண்டு துண்டு; முதுகுக் கோட்டில் தலையிலிருந்து வால்வரை நடுவில் 3 சென்டிமீட்டர் வெளியே புடைக்கும் வளைவு விட்டு வெட்டுங்கள். இரண்டையும் சேர்த்துத் தைத்ததும் முதுகு தானே எழும்பி நிற்கும். பஞ்சு அடைத்து வராத மேடு இந்த வளைவில் வந்துவிடும். மெஷினில் தைப்பதானால் 16-ஆம் நம்பர் ஊசி, தையல் நீளம் 4 மில்லிமீட்டர், ஓரத்திலிருந்து 5 மில்லிமீட்டர் உள்ளே. நெருக்கமான தையல் உறுதி என்று நினைக்க வேண்டாம். நூலில்லாத துணி இது. ஊசித் துளைகள் நெருங்கினால் தபால்தலைபோலக் கிழிந்துவிடும்.

புள்ளிகளை இப்போதே, முதுகு தனியாக இருக்கும்போதே வைத்துவிடுங்கள். மேலும் கீழும் சேர்த்த பிறகு ஊசி நுழைக்க முடியாது. ஒரு சென்டிமீட்டரிலிருந்து நாலு சென்டிமீட்டர்வரை பல அளவில் வெள்ளை வட்டங்கள். சிலவற்றை நடுவில் ஓட்டை போட்டு வளையமாக்குங்கள். தலைப்பக்கம் பொடி, இறக்கைப்பக்கம் பெரிது. கோலப் புள்ளி வைத்துப் பழகிய கை வரிசைக்கு ஓடும், தடுங்கள். எல்லா வட்டங்களையும் அள்ளி மேலிருந்து கொட்டி, விழுந்த இடத்தில் கொஞ்சம் சரிசெய்து தைப்பதுதான் நல்ல வழி.

எலும்புக்கு மூங்கில் தப்பை இரண்டு. நீளமானது 125 சென்டிமீட்டர், ஒன்றரை சென்டிமீட்டர் அகலம். நடுவில் நாலு மில்லிமீட்டர் கனம், இரு நுனியிலும் இரண்டாகச் சீவியது. முன்னோர வளைவுக்கு ஏற்ப வளைய வேண்டும். ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் தணலில் காட்டிக்கொண்டே மெல்ல வளைத்து, ஆறும்வரை இரண்டு ஆணிக்கு நடுவே பிடித்து வையுங்கள். கணுக்களை உப்புத்தாளில் தேய்த்துவிடாவிட்டால் உள்ளிருந்தே தோலை அறுக்கும். இன்னொன்று 55 சென்டிமீட்டர், முதுகெலும்பு. இரண்டும் குறுக்கிடும் இடத்தைச் சணலால் கட்டுங்கள், கட்டுக்கம்பியால் வேண்டாம். கம்பி முனை என்றைக்காவது வெளியே வந்து யாரையாவது குத்தும். வயிற்றுத் தோலின் உட்புறம் முன்னோரத்தை ஒட்டி, பாவாடைக்கு நாடா கோக்க மடித்துத் தைப்பதுபோல ஒரு குழல் தைத்து, நீளத் தப்பையை அதற்குள் செருகிவிடுங்கள்.

இறக்கைக்கு 10 மில்லிமீட்டர் ஸ்பாஞ்ச், தோலைவிட எல்லாப் பக்கமும் 5 சென்டிமீட்டர் சிறிதாக. ஓரங்களைப் பிளேடால் சரிவாகச் சீவுங்கள், இல்லாவிட்டால் வெளியே படிக்கட்டு தெரியும். தலையிலும் முதுகு நடுவிலும் மட்டும் இரண்டு கைப்பிடி ஃபைபர் பஞ்சு. பிறகு மேல்தோலை மூடி, மூன்று இழை ஆங்கர் நூலில் சுற்றிலும் பிளாங்கெட் ஸ்டிச். பிரியாத ஓரம் என்பதால் உள்பக்கம் தைத்துப் புரட்டும் வேலை ஃபெல்ட்டில் இல்லை. ஜெர்மனியில் சக்கர நாற்காலியில் இருந்தபடி தையல் தொழில் நடத்திய மார்கரெட் ஷ்டைஃப், 1880-ல் ஃபெல்ட்டில் குட்டி யானை செய்து விற்கத் தொடங்கினார். குண்டூசி குத்தி வைப்பதற்கான யானை; குழந்தைகள் அதைப் பொம்மையாக்கிவிட்டார்கள். உலகப் புகழ்பெற்ற பொம்மைக் கம்பெனி ஒன்று அந்த யானையிலிருந்து வளர்ந்தது.

நிஜத் திருக்கையின் வால் உடல் அகலத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு நீளும். நம் கணக்கில் மூன்று மீட்டர் வரும். ஹாலில் நடக்கிறவர் கழுத்தில் சுற்றும். ஒன்றரை மீட்டரோடு நிறுத்தலாம். கொடிக்கயிற்றோடு 16 கேஜ் கம்பி ஒன்றைச் சேர்த்து, அடியில் 6 சென்டிமீட்டரும் நுனியில் ஒன்றரையுமாகக் குறுகும் நீல ஃபெல்ட் பட்டையைச் சுற்றித் தைத்தால் நினைத்தபடி வளையும். வால் அடியில் சின்னத் துடுப்பு ஒன்று, அதன் பின்னால் முள். கண்கள் தலையின் பக்கவாட்டில். வாயும் ஐந்து ஜோடிச் செவுள் கீற்றும் வயிற்றுப் பக்கம். தொங்கும் உருவத்தைக் கீழிருந்துதான் எல்லோரும் பார்ப்பார்கள், அதனால் இந்தக் கீற்றுகளைத் தவிர்க்காதீர்கள்.

எல்லாம் சேர்ந்து ஒரு கிலோவைத் தாண்டாது. இரண்டு தப்பையும் குறுக்கிடும் இடத்தில் ஒரு தூண்டில் நரம்பு, முதுகெலும்பின் பின்முனையில் ஒன்று. இவைதாம் பளு தாங்குபவை. இறக்கை நுனிகளுக்கு மெல்லிய நரம்பு இரண்டு, ஒன்றை நாலு விரல் குட்டையாகக் கட்டுங்கள். ஒரு இறக்கை தூக்கியும் மற்றது தாழ்ந்தும் நின்றால் திருக்கை திரும்பி நீந்துகிற தோற்றம் வரும். ஓட்டு வீடானால் விட்டத்தில் கட்டலாம். மெத்தை வீடானால் மின்விசிறி இல்லாத இன்னொரு கொக்கியைத் தேடுங்கள். விசிறி இறக்கை எட்டும் தூரத்தில் எதையும் தொங்கவிட வேண்டாம்.

பேய்க்கணவாய்

எட்டுக் கை என்றதும் எட்டு முறை அலுப்பு என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திருக்கை ஒரு வாரம் என்றால் இது ஒரு விடுமுறை முழுக்க இழுக்கும். கூட்டுக்குடும்பத்துக்கு ஏற்ற வேலை. ஆளுக்கொரு கையைக் கொடுத்துவிடலாம்.

மேலே பை மாதிரி இருப்பது தலை அல்ல, உடம்பு. தலை கண்கள் இருக்கும் இடம். அதிலிருந்து நேராகக் கைகள் கிளம்பும். கண்ணுக்குக் கீழே சிரிக்கும் வாய் வரைவது பொம்மைக்காரர் வழக்கம். நிஜ வாய் எட்டுக் கையும் கூடும் நடுவில் அடியில் இருக்கிறது, கிளி அலகுபோல. கண்மணி படுத்த கீற்று. இந்த மூன்றைச் சரியாக வைத்தால் மற்றதில் எவ்வளவு கற்பனை செய்தாலும் உருவம் ஏற்கும்.

கைக்கு மேல்பட்டை, கீழ்ப்பட்டை என இரண்டு. மேல்பட்டை 110 சென்டிமீட்டர் நீளம், அடியில் 16, நுனியில் 3 அகலம். கீழ்ப்பட்டை வெளிர் நிறத்தில், அடியில் 10, நுனியில் 2. நீளம் மட்டும் 100 போதும். நீளப் பட்டையைச் சற்றே சுருக்கி விட்டுவிட்டுக் குட்டைப் பட்டையோடு தைத்தால், கை தானாகவே உறிஞ்சிகள் இருக்கும் பக்கம் சுருளும். கம்பி வைத்து வளைத்த கையைவிட இது உயிரோடு இருக்கும். தோள்பக்கத்துப் பாதியில் பஞ்சு வேண்டாம், தொம்பை வழியே போகலாம். அட்டைப்பெட்டி கட்டும் பிளாஸ்டிக் பட்டையை வளையமாக ஸ்டேப்பிள் அடித்து, 12 சென்டிமீட்டருக்கு ஒன்றாக உள்ளே தைத்துவிட்டால் குழல் பருத்து நிற்கும். நுனிப் பாதிக்கு மட்டும் பஞ்சு. தரையில் நிற்க வைப்பதானால் இரண்டு மூன்று கைக்குள் 12 கேஜ் கம்பி, முனைகளைக் கொக்கியாக மடக்கித் துணி சுற்றி.

உறிஞ்சிகள் ஒவ்வொரு கையிலும் இரண்டு வரிசை, வாய்ப்பக்கம் பெரிதாகத் தொடங்கி நுனியில் பொடியாகும். எட்டுக் கைக்கும் முழுக்க வைத்தால் முந்நூறு தாண்டும். வெளியே தெரிகிற மடிப்புகளில் மட்டும் வையுங்கள். யாரும் புரட்டிப் பார்க்கப்போவதில்லை. இதைக்கூட பாவம் என்று நினைக்கிறவர்கள் முந்நூறும் தைக்கட்டும்.

உடம்புக்கு 40 சென்டிமீட்டர் பலூன் ஊதி, கிழித்த பேப்பரைக் கிழங்குமாவுக் கஞ்சியில் தோய்த்து ஆறேழு அடுக்கு ஒட்டுங்கள். ஒவ்வொரு அடுக்கும் காய்ந்த பிறகே அடுத்தது. ஐப்பசி அடைமழையில் இதைத் தொடங்கினால் பூசணம் பிடிக்கும். மாசி, பங்குனி சரியான காலம். காய்ந்த கூட்டுக்கு ஆறு இதழாகத் தோல் வெட்ட வேண்டும். 40 சென்டிமீட்டர் விட்டத்துக்குச் சுற்றளவு 125 அளவில் வரும். ஆறால் வகுத்தால் ஒவ்வொரு இதழும் நடுவில் 21 சென்டிமீட்டர் அகலம், உச்சியிலிருந்து அடிவரை 63 நீளம். தையலுக்கு இரண்டு பக்கமும் அரை சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். எட்டுக் கையையும் 30 சென்டிமீட்டர் மூங்கில் வளையத்தில் தைத்து, வளையத்தைக் கூட்டோடு கட்டுங்கள். தொங்கவிடும் கயிறு வளையத்திலிருந்து கூட்டைத் துளைத்து மேலே வர வேண்டும், கூட்டின் உச்சியில் கட்டினால் பேப்பர் பிய்யும்.

கைகளுக்கு நடுவே சவ்வு இருக்கும், அதைச் சுருக்கம் சுருக்கமாக அலையவிட ஒரு வழி உண்டு. ஃபெல்ட்டில் வட்டத் தட்டு வெட்டி, நடுவில் சின்ன ஓட்டை போட்டு, ஒரு பக்கம் கீறித் திறந்து, உள்ளோரத்தை நேராக இழுத்துத் தையுங்கள். வெளியோரம் நெளிநெளியாகப் பொங்கும். ஓரம் நடுவைவிட வேகமாக வளரும் இந்த வடிவத்தை, 1997-ல் டைனா டைமினா என்ற கணிதவியலர் குரோஷாவில் பின்னிக் காட்டினார். அதைப் பிடித்துக்கொண்டு மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம் என்ற சகோதரிகள் 2005-ல் லாஸ் ஏஞ்சலஸில் குரோஷாப் பவளப்பாறை ஒன்றைத் தொடங்கினார்கள்; பல நாட்டுப் பெண்கள் பின்னிச் சேர்த்து அது வளர்ந்தது. மிச்சத் துண்டுகளில் நீங்களும் இப்படி நெளிகள் வெட்டிச் சேர்த்தால் பேய்க்கணவாய் உட்கார ஒரு பாறை கிடைக்கும்.

பங்குனி ஆமை

இதில் பெருக்கல் வேலையே இல்லை. நிஜ ஆமையின் ஓடு 60 முதல் 70 சென்டிமீட்டர். நிஜ அளவிலேயே செய்துவிடலாம். நீளமும் அகலமும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் கோழி கவிழ்க்கும் மூங்கில் கூடையில் சின்னது ஒன்று ஓட்டின் எலும்பாகிவிடும். கூடை உயரமாக இருந்தால் ஓரத்தை அறுத்துத் தாழ்த்துங்கள்.

பச்சை வேண்டாம். சாம்பல் கலந்த மங்கலான ஆலிவ் நிறம்தான் இதற்கு. ஓட்டில் நடு வரிசைக்கு இருபுறமும் உள்ள பக்கத் தகடுகள் ஆறு, ஏழு, எட்டு ஜோடி என்று ஆமைக்கு ஆமை மாறும். இடது பக்கம் ஒன்று கூடி வலது பக்கம் குறைந்தும் இருக்கும். நான்கு ஜோடி வைத்தால் அது பேராமை. ஒவ்வொரு தகட்டையும் தனித்தனியாக வெட்டி, அடியில் கஞ்சித் துணி வைத்து, ஓரங்களை ஒட்டாமல் சற்றே தூக்கி விடுங்கள். கடல் ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளாது, அதனால் கழுத்துக்கு ஓட்டை வைத்து மெனக்கெட வேண்டாம். முன்துடுப்பு நீளம், பின்துடுப்பு குட்டை. அடிவயிற்றில் பனியன் வேஸ்ட் நிரப்பினால் தரையில் அசையாமல் படுக்கும். குழந்தைகள் ஏறி உட்காருவார்கள் என்று எதிர்பார்த்தே கூடையின் உட்புறம் இரண்டு குறுக்குத் தப்பை கட்டிவிடுங்கள்.

வைத்துக் காப்பாற்றுவது

நம் பக்கம் மழை குறைவு, தூசி அதிகம். ஃபெல்ட் தூசியை விடாமல் பிடித்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை மெல்லிய பிரஷால் மேலிருந்து கீழ் ஒரே வாட்டில் தள்ளுங்கள். வட்டமாகத் தேய்த்தால் மயிர் எழும்பும். எழும்பிய உருண்டைகளை இழுக்காமல் கத்தரியால் கொய்யுங்கள். அழுக்கு பட்ட இடத்தை மட்டும் ஷாம்பூ நுரையால் ஒற்றி எடுங்கள், முழுவதும் நனைத்தால் கஞ்சித் துணி கூழாகும். இஸ்திரிப் பெட்டி வைக்க நேர்ந்தால் நடுவே காடாத் துணி போட்டு, குறைந்த சூட்டில்; பாலியெஸ்டர் நேர்ச்சூட்டில் பளபளத்து உருகிவிடும். நேர்வெயில் விழும் ஜன்னலோரத்தில் கரும் நீலம் சீக்கிரம் வெளுக்கும்.

கொலுவிலோ பள்ளி ஆண்டுவிழாவிலோ வைப்பதானால் குத்துவிளக்குக்கும் சீரியல் பல்புக்கும் எட்டாத தூரத்தில் வையுங்கள். இது தீப்பற்றினால் உருகிச் சொட்டும், சொட்டு தோலில் ஒட்டும். பஸ்ஸில் எடுத்துப்போக வேண்டிய திருக்கையானால் முன்னோரக் குழலின் ஒரு முனையைத் தைக்காமல் பிரஸ் பட்டன் வைத்துவிடுங்கள். குறுக்குக் கட்டின்மேல் முதுகுத் தையலையும் ஒரு சாண் திறந்துவைத்து, அங்கேயும் பட்டன் வையுங்கள். சணலை அவிழ்த்துத் தப்பையை உருவி எடுத்தால் இறக்கை இரண்டும் முதுகுமேல் மடங்கும், பழைய சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளலாம்.